ஒப்புக்குச் சப்பாணி

கோவில்பட்டிக்காரன் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயம் பேசுவார்கள். ஒன்று கடலைமிட்டாய். இன்னொன்று ஹாக்கி. "நீங்களும் ஆடியிருப்பீங்களே சார்?" என்று கேட்டுவிட்டு என் கையையும் காலையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். கடலைமிட்டாயைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். ஹாக்கி என்றால், "ஆட வைத்தார்கள், ஆடினேன், பிடிக்கவில்லை" என்று முடித்துக்கொள்வேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஸ்ரீரங்கத்தில் பிறந்து பெருமாளைப் பிடிக்காது என்று சொன்ன மாதிரி இருக்கும் போலிருக்கிறது.

இந்த வயதில் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துக் குழு விளையாட்டைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும் பையன்கள் வகுப்புக்கு நாலைந்து பேர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

நான் 1952ல் பிறந்தவன். 1963ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மறு வருஷம் அக்டோபர் 23ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா பாகிஸ்தானை 1-0 என்று ஜெயித்தது. அதற்கு நாலு வருஷம் முன்பு ரோமில் அதே பாகிஸ்தானிடம் அதே 0-1 கணக்கில் இழந்த தங்கம் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் அன்று தீபாவளிதான். டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன், நானும் கத்தினேன். ஹாக்கி ஜெயிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரிசல் காட்டு நடுவில் எங்கள் ஊர் அன்று மில்லும் தீப்பெட்டி ஆபீசுமாக இருந்தது. எங்கள் அப்பாவுக்கு தீப்பெட்டி ஆபீசில் வேலை. அம்மாவும் அக்காவும் வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து நாங்களும் ஒட்டுவோம். பசை வாசனை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்ற அளவுக்கு அது பழக்கம்.

இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் ஹாக்கிப் பையன்கள் வந்தார்கள். ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஹாக்கி மட்டையைப் பிடித்து வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அதனால் அங்கே ஹாக்கி பொழுதுபோக்கு இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழுக்கு அடுத்த சான்றிதழ். எங்கள் அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சென்டர் ஹாஃப் ஆடுவார். அவர் ஆடினால் ஆடாதவர்களும் நின்று பார்ப்பார்கள். அவருக்கு அடுத்தவன் நான். "சென்டர் ஹாஃபோட தம்பி" என்றுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

டிரில் மாஸ்டர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தக் கல்லூரியை 1920ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு மேனேஜராகப் போனவர். 'பக் துரை' பெயரைச் சொல்லும்போது எங்கள் மாஸ்டர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அங்கே படித்தவர்கள்தான் மதராஸ் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் விசிலும் கையுமாக நின்றார்கள். உடம்பை வளர்க்கவும் ஒழுங்கைக் கற்றுத்தரவும் விளையாட்டு வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். நல்ல நம்பிக்கைதான்.

ஆனால் மாஸ்டர் கையில் இருந்தது 40 பையன்கள், 20 சொச்சம் மட்டை, ஒரு விசில். மட்டைகளில் பாதி உடைந்து சைக்கிள் டியூப் சுற்றியவை. எங்களுக்கு வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அதுபோக ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கட்டாய கேம்ஸ். வருகைப் பதிவு உண்டு. வராதவன் மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

அணி பிரிப்பது எப்படி என்று உங்களுக்கு நினைவிருக்கும். நன்றாக ஆடும் இரண்டு பேரை மாஸ்டர் முன்னால் கூப்பிடுவார். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். "நீ வா", "நீ வா" என்று இருவரும் மாற்றி மாற்றி எடுப்பார்கள். முதலில் கூப்பிடப்பட்டவன் சிரித்துக்கொண்டே போவான். பத்தாவது ஆள் நடந்து போவான். கடைசியில் மூன்று பேர் நிற்போம். ஒருவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். ஒருவன் குண்டுப் பையன். மூன்றாவது நான். கேப்டன்கள் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "சரி, இவனை நீயே வச்சுக்கடா" என்பான் ஒருவன். "ஏன், போன தடவை நான்தானே வச்சுக்கிட்டேன்" என்பான் மற்றவன்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்றால் அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் வாரத்துக்கு மூன்று தடவை, ஆறு வருஷம், உன் விலை இவ்வளவுதான் என்று 40 பேர் முன்னால் அளந்து சொல்லப்பட்ட பையனுக்கு அது ஒரு பாடமாகிவிடும். கணக்கில் நான் வாங்கிய மார்க் எனக்கும் வாத்தியாருக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். மைதானத்தில் வாங்கிய மார்க் ஊருக்கே தெரியும்.

எடுத்த பிறகு என்னை நிறுத்தும் இடம் 'லெஃப்ட் அவுட்'. அப்போது ஐந்து பேர் முன்னால் ஆடுவார்கள். இடது ஓரத்துக் கடைசி ஆள் லெஃப்ட் அவுட். அங்கே பந்து அதிகம் வராது என்று கேப்டனின் எண்ணம். பிற்காலத்தில் இதைச் சொன்னபோது அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். அதனால் இடது ஓரத்தில் ஓடுகிறவன் மட்டையை அடிக்கடி திருப்பிப் பிடித்து ஆட வேண்டியிருக்கும். ஹாக்கியிலேயே வித்தை வேண்டிய இடங்களில் ஒன்று அது. அங்கே கொண்டுபோய் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்!

எங்கள் மைதானம் கட்டாந்தரை. வெயில் காலத்தில் சரளையில் பட்டு பந்து எங்கே எழும்பும் என்று தெரியாது. மழைக்காலத்தில் கரிசல் மண் காலில் செருப்பு மாதிரி அப்பிக்கொள்ளும். காலுக்குப் 'பேட்' கோல்கீப்பருக்கு மட்டும்தான். மற்றவர்கள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடி வாங்கிக்கொண்டே ஆட வேண்டும். ஆனால் வலி என்னை விரட்டவில்லை. கிணற்றில் குதித்தும் வேலிகாத்தான் முள்ளில் விழுந்தும் அதைவிடப் பெரிய காயம் வாங்கியவன்தான்.

என்னை விரட்டியது குரல்கள். பந்து என் பக்கம் உருண்டால் போதும், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். "அடிலே!", "குடுலே!", "நிறுத்துலே!" ஒரு பந்து, மூன்று கட்டளை. நான் எதைச் செய்தாலும் இரண்டு பேருக்குக் கோபம். மாஸ்டர் எல்லைக் கோட்டிலிருந்து, "ஏலே, பந்து உன்னைக் கடிச்சிருமா?" என்பார். தனியாகச் செய்யும் காரியத்தில் தோற்றால் நஷ்டம் நம்மோடு போயிற்று. இங்கே என் ஒருவன் கையால் பத்துப் பேர் தோற்கிறார்கள். அந்தப் பத்துப் பேரோடுதான் மறுநாள் காலையில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கேம்ஸுக்கு வராதவனுக்குத் தண்டனை, மைதானத்தை ஐந்து சுற்று ஓடுவது. முதல் தடவை அதை ஓடியபோதுதான் கண்டுபிடித்தேன், எனக்கு அது பிடித்திருக்கிறது! யாரும் கத்தவில்லை. என் மூச்சு, என் கால், அவ்வளவுதான். ஐந்தாவது சுற்றில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கேம்ஸுக்கு மட்டம் போட்டுவிட்டு மறுநாள் ஐந்து சுற்று ஓடினேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. மாஸ்டர் கெட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இவனுக்கு இது தண்டனையா தெரியலையே" என்று சொல்லி, அன்றிலிருந்து தண்டனையை மாற்றினார். என்னை கோல்கீப்பராக நிறுத்தினார்.

அப்படியென்றால் தடகளத்தில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் ஓட்டம் என்பது ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தைய பத்து நாள் சமாச்சாரம். மற்ற நாளெல்லாம் குழு விளையாட்டுதான். ஹாக்கி இல்லையென்றால் கபடி, கபடி இல்லையென்றால் வாலிபால். எதில் போட்டாலும் அதே வரிசை, அதே "நீ வா."

இதில் எனக்குப் புரியாத புதிர் ஒன்று இருந்தது. தெருவில் நான் சந்தோஷமாக ஆடினேன். கிளித்தட்டு, சடுகுடு, செல்லாங்குச்சி என்று இருட்டும் வரை ஆடுவோம். அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனால்தான் உண்டு. அவையும் இரண்டு கட்சி கட்டி ஆடும் ஆட்டங்கள்தான். அங்கேயும் நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பிறகு ஏன் தெரு இனித்தது, மைதானம் கசந்தது? பல வருஷம் கழித்துத்தான் விடை கிடைத்தது. தெருவில் எங்களுக்கு 'உத்தி' இருந்தது.

உத்தி பிரிப்பதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தலைவர்கள் தனியே நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்வார்கள். வேகமாக ஓடுகிறவன் வேகமாக ஓடுகிறவனோடு. சின்னவன் சின்னவனோடு. ஜோடி தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும். ஒருவன் ரயில், ஒருவன் பஸ். ஒருவன் தாமரை, ஒருவன் மல்லிகை. திரும்பி வந்து தலைவர்களிடம் கேட்பார்கள்: "ரயில் வேணுமா, பஸ் வேணுமா?" இந்த ஜோடியில் முதலில் கேட்கும் முறை ஒரு தலைவனுக்கு, அடுத்த ஜோடியில் மற்றவனுக்கு. "எனக்கு ரயில்" என்பான். ரயில் யார் என்று அப்போதுதான் தெரியும்.

இதில் இருக்கும் நியாயத்தைப் பாருங்கள். ஜோடியில் இருவரும் சமம் என்பதால் இரண்டு கட்சியும் ஏறக்குறைய சமமாகப் பிரியும். தலைவனுக்கு ஆள் யாரென்று தெரியாது என்பதால், அவன் யாரையும் ஒதுக்கவும் முடியாது. கடைசியில் நிற்பவன் என்று ஒருவன் கிடையவே கிடையாது. அவரவர் பலத்தை அவரவரே அறிந்து, தனக்குச் சமமானவனைத் தானே தேடிக்கொள்கிறான். இதை எந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்களும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எங்களுக்கு முன்னால் ஆடிய அண்ணன்மார் சொல்லித்தந்தது. அவர்களுக்கு அவர்கள் அண்ணன்மார்.

ஆள் ஒற்றைப்படையாக வந்தாலோ, ஒரு அக்கா இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட பொடியன் "நானும் வருவேன்" என்று அழுதாலோ அதற்கும் ஏற்பாடு இருந்தது. அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. இரண்டு கட்சியிலும் ஆடலாம். அவன் அவுட்டானால் கணக்கில்லை. ஆட்டத்தில் ஓடுவான், கத்துவான், விழுவான், யாருக்கும் நஷ்டமில்லை. நாலு மாதம் இப்படி ஆடிவிட்டு ஒரு நாள் யாரோ ஒரு சின்னவனோடு தோளில் கை போட்டுக்கொண்டு உத்திக்குப் போவான். அன்றிலிருந்து முழு ஆட்டக்காரன்.

அந்தச் சொல் இன்று நல்ல சொல் இல்லை என்று எனக்குத் தெரியும். கால் ஊனமுற்றவர்களை அப்படிச் சொல்வது தவறு. அலுவலகங்களிலும் அரசியலிலும் ஒன்றுக்கும் உதவாதவரைக் கேலி செய்யத்தான் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள். சொல்லை விட்டுவிடலாம். ஏற்பாட்டை விட்டிருக்க வேண்டாம். ஆடத் தெரியாதவனுக்கும் ஆட்டத்துக்குள் ஓர் இடம் உண்டு, அவனால் யாரும் தோற்கப் போவதில்லை என்று தெருப் பையன்கள் தாங்களாகவே சட்டம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விசிலையும் கோட்டையும் கொண்டுவந்தது. உத்தியையும் இந்த இடத்தையும் வெளியே நிறுத்திவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் விஷயம் வீட்டுக்கு வந்தது. அண்ணனை மாவட்ட அணியில் எடுத்திருந்தார்கள். அப்பாவுக்குத் தரை கொள்ளவில்லை. ஒரு ராத்திரி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, நம்ம ஊர்ல கம்பு விதைச்சாலும் சோறு, கம்பு பிடிச்சாலும் சோறு. உங்க அண்ணன் பிடிச்சுட்டான். நீயும் நாளையிலேர்ந்து காலையில அவன் கூட மைதானத்துக்குப் போ."

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்பாக்களுக்குப் பதில் சொல்வதில்லை. ஆனால் கையிலிருந்த பெட்டி கோணலாகிப் போயிற்று. அப்பா சொன்னது சாதாரண விஷயமில்லை. வீட்டில் இருந்த ஒரே வழியை எனக்கும் காட்டினார். வேண்டாம் என்றால் நான் விளையாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, சோற்றை வேண்டாம் என்று சொல்கிறேன்.

அண்ணன்தான் பேசினார். தலை நிமிராமல், பசை தடவிக்கொண்டே சொன்னார்: "அவன் வர வேண்டாம்ப்பா. பிடிக்காதவன் மைதானத்துல நின்னா அவனுக்கும் அடிபடும், பக்கத்துல நிக்கிறவனுக்கும் அடிபடும். அவன் நல்லாப் படிக்கான். படிக்கட்டும்."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆட்டக்காரனே சொல்லுதான். சரி" என்றார். அதோடு முடிந்தது. ஆட்டத்தை உயிராக நினைத்தவர்தான் எனக்கு அதிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்தார். ஹாக்கியைப் பிடித்தவருக்குத்தான், அது பிடிக்காதவனை அதற்குள் தள்ளக் கூடாது என்று தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்து பீரியட் மட்டும் பாக்கி. அதை பதினொன்றாம் வகுப்பு வரை லெஃப்ட் அவுட்டில் நின்று கழித்தேன்.

அந்த வருஷம்தான் பள்ளி நூலகத்தில் 'சத்திய சோதனை' படித்தேன். சத்தியத்தைப் பற்றிய அத்தியாயங்கள் அந்த வயதில் எவ்வளவு புரிந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பகுதியை நாலைந்து தடவை படித்தேன். ராஜ்கோட்டில் காந்தி படித்தபோது, தலைமை ஆசிரியர் தொராப்ஜி எடுல்ஜி கிமி மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்குகிறார். காந்திக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய் நோயாளித் தகப்பனாருக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஒரு சனிக்கிழமை மேகமூட்டத்தில் நேரம் தெரியாமல் தாமதமாகப் போகிறார். கையில் கடிகாரம் இல்லை. பயிற்சி முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்லியும் நம்பாமல் அபராதம் போடுகிறார்கள். பொய்யன் என்று நினைத்துவிட்டார்களே என்று அழுகிறார்.

அதே பகுதியில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். படிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் சம்பந்தமில்லை என்று அப்போது நினைத்தது சரியில்லை, உடலுக்கும் மனத்துக்கும் பயிற்சியில் சம இடம் வேண்டும் என்கிறார். திறந்த வெளியில் நீண்ட தூரம் நடக்கும் பழக்கம் தன் உடலைக் காப்பாற்றியது என்றும் சொல்கிறார். அன்றே தினமும் நடக்க ஆரம்பித்தேன். ஊருக்கு வெளியே கரிசல் காட்டுப் பாதையில் காலையில் ஒரு மணி நேரம். கோடையில் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல். இன்றும் நடை நிற்கவில்லை. என் உடம்புக்குப் பள்ளிக்கூடம் செய்யத் தவறியதை அந்தப் பாதையும் கிணறும் செய்தன.

குழு விளையாட்டை வெறுப்பவன் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்ய லாயக்கில்லாதவன் என்று ஒரு பேச்சு உண்டு. மாஸ்டரும் சொல்லியிருக்கிறார். இதற்கு என் வாழ்க்கையே பதில். 1973ல் தபால் துறையில், ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராகச் சேர்ந்தேன். ராத்திரி ரயிலில் ஒரு தபால் பெட்டி போகும். அதில் போகும் ஆட்களுக்கு 'செட்' என்று பெயர். அப்போது மதுரைக்கும் மதராஸுக்கும் மீட்டர் கேஜ் பாதைதான். ஆடுகிற ஆட்டத்தில் நின்றுகொண்டு, சுவர் முழுக்க இருக்கும் புறாக்கூண்டு போன்ற அறைகளில் கடிதங்களைப் பிரித்துப் போட வேண்டும். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அந்த ஊர்க் கடிதங்களைக் கட்டி, பையில் போட்டு, சணல் சுற்றி, அரக்கு முத்திரை வைத்துத் தயாராக இருக்க வேண்டும். 1972 ஆகஸ்ட் 15ல்தான் பின்கோடு வந்திருந்தது. பாதிப் பேர் அதை எழுத மாட்டார்கள். ஊர்ப் பெயரை மனப்பாடமாக வைத்துப் பிரிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குழு ஆட்டம் எது? ஒருவன் பிந்தினால் எல்லோருடைய பையும் பிந்தும். ஆனால் அங்கே யாரும் கத்தியதில்லை. ஒருவன் அறைகள் நிரம்பி வழிந்தால், பக்கத்தில் நிற்பவன் கேட்காமலே கை நீட்டி ஒரு கட்டை எடுத்துக்கொள்வான். புதிதாக வந்தவனுக்கு முதலில் கூட்டம் குறைந்த ஊர்களைக் கொடுப்பார்கள். பழகியதும் மேலே ஏற்றுவார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் தெருச் சட்டம்தான். முதலில் ஒப்புக்குச் சப்பாணி, பிறகு முழு ஆள். அந்தச் செட்டுகளில் பல வருஷம் சந்தோஷமாக வேலை பார்த்தேன். இன்னொன்றும் கவனித்தேன். அங்கே என் வேலை எனக்குத் தெரிந்திருந்தது, நானே தேர்ந்த வேலையாகவும் இருந்தது.

அண்ணன் அப்பா ஆசைப்பட்டபடியே ரயில்வேயில் சேர்ந்தார். அவர் ரயில்வேக்காக ஆடினார், நான் ரயிலுக்குள் நின்று கடிதம் பிரித்தேன். கம்பு பிடித்தவனுக்கும் சோறு கிடைத்தது, பிடிக்காதவனுக்கும் கிடைத்தது. 1976ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தபோது, "நம்ம ஆட்டமே மாறிப்போச்சு தம்பி" என்று வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். எங்கள் ஊர்க் கட்டாந்தரையில் பழகிய கைக்கு அந்த வேகம் வேறு.

2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்கு அண்ணன் என்னை இறுதிப் போட்டிக்கு அழைத்துப் போனார். அவருக்கு வயது 73, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். பாதி நேரத்தில் மலேசியா 3-1 என்று முன்னால் இருந்தது. கடைசியில் இந்தியா 4-3 என்று ஜெயித்தது. எழுந்து நின்று கத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்து, "உனக்குத்தான் ஹாக்கி பிடிக்காதே?" என்றார். "ஆடத்தான் பிடிக்காது" என்றேன். இரண்டும் வேறு என்பது அவருக்கும் தெரியும். சமைக்கப் பிடிக்காதவன் சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்வதில்லையே.

என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது பேரன் பேத்திகள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சாயங்காலமானால் கால்பந்து கோச்சிங், கிரிக்கெட் கோச்சிங். கூட்டிக்கொண்டு போகிற வேலை தாத்தாக்களுக்கு. நானும் போகிறேன். ஒவ்வொரு கோச்சிங்கிலும் ஒரு பிள்ளை எல்லைக் கோட்டோரமாக, பந்து வராத இடமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்தல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையின் தாத்தாவிடம் பேச்சுக் கொடுப்பேன். அவனுக்கு நடக்கப் பிடிக்குமா, நீந்தப் பிடிக்குமா, சைக்கிள் ஓட்டுவானா என்று கேட்பேன். உடம்புக்கு வேலை கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டும். அந்த வேலை எது என்பதை அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன?

போன மாதம் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உத்தி பிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல் ஜோடி வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? ஒருவன் பரோட்டா, ஒருவன் நூடுல்ஸ். தலைவனாக நின்ற பையன் ரொம்ப நேரம் யோசித்து பரோட்டாவைக் கேட்டான். வரிசையில் யாரும் மிச்சமாக நிற்கவில்லை. உங்கள் தெருவில் உத்திக்கு என்னென்ன பெயர் வைத்தீர்கள் என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் தீர்ந்துகொண்டே வருகிறது.